இரண்டு ரேமுக்கு எந்த ஸ்லாட்?

கேள்வி: என் மதர்போர்டில் நான்கு ரேம் ஸ்லாட் உள்ளன. ஏற்கெனவே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு 8 ஜிபி ரேமைச் செருகினேன். இப்போது ப்ராசஸரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பியிருக்கின்றன. ஃபேன் ஓடுகிறது, திரையில் எதுவும் வருவதில்லை. எப்போதாவது ஆன் ஆனாலும் 8 ஜிபிதான் காட்டுகிறது. புதிய ரேம் பழுதா?

பதில்: புதிய ரேம்மேல் பழி போடுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். இத்தகைய போர்டுகளில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் வழக்கமான வரிசை ஏ1, ஏ2, பி1, பி2. முதல் இரண்டும் ஒரு சேனல் (ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையே தகவல் போகும் பாதை), அடுத்த இரண்டும் இன்னொரு சேனல். நீங்கள் இரண்டு ரேமையும் ஒரே சேனலில் நெருக்கியிருக்கிறீர்கள். அப்படி ஓடினாலும் பாதி வேகம்தான். டிடிஆர்4 3200 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும். இரண்டு சேனலிலும் பிரித்துப் போட்டால் 51.2 ஜிபி. எனவே ஏ2, பி2, அதாவது இரண்டாவதும் நான்காவதும்.

முதலாவதும் மூன்றாவதும் ஏன் கூடாது? இப்போதைய பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து கிளம்பும் தடம் ஏ1-ஐத் தொட்டுவிட்டு ஏ2-இல் போய் முடிகிறது. ஏ1-இல் மட்டும் ரேம் இருந்தால் மிச்சத் தடம் வெறும் வாலாகத் தொங்கும். சிக்னல் அந்த வால் நுனியில் மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலோடு கலந்துவிடும். குறைந்த வேகத்தில் சமாளிக்கும். வேகம் கூடினால் பூட் ஆகாமலே நிற்கும். ஸ்லாட்டின் நிறத்தை நம்பாதீர்கள், நிறம் போடும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் உள்ள படமே முடிவு.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியட்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டபின் ரேமை விளிம்பில் பிடித்து எடுங்கள். பழைய ரேமை மட்டும் ஏ2-இல் போட்டு ஆன் செய்யுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும். இரண்டும் ஓடினால் ரேம்களில் குறையில்லை. அடுத்து ஒன்றை மட்டும் பி2-இல் சோதியுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பவர் கேபிள் வெளியே இருக்க வேண்டும்.

செருகும்போது நிதானம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டில் ஏமாறுவது சுலபம். கிளிப் இருக்கும் முனை ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். மறுமுனை துளி மேலே தூக்கி நிற்கும். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். ரேமின் தங்க நிறப் பட்டை இரு முனையிலும் ஒரே அளவு உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு முனையில் கூடுதலாகத் தெரிந்தால் அங்கே கட்டைவிரலை வைத்து நேர் கீழாக அழுத்துங்கள், சாய்க்காதீர்கள்.

தனித்தனியே ஓடி, சேர்த்தால் மட்டும் திரை வராவிட்டால் பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பழைய ரேமுக்காகப் போட்ட எக்ஸ்எம்பி அமைப்பை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பைச் சந்தேகியுங்கள். கேபிளைக் கழற்றி, போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்தால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பும். அதன்பின் முதல் பூட் மெதுவாக இருக்கும், நடுவில் ஒருமுறை தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம், பதறி அணைத்துவிடாதீர்கள். 16 ஜிபி தெரிந்ததும் கணினியின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் இரண்டு சேனல் என்று வருகிறதா பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டி, ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தால்தான் எக்ஸ்எம்பியை மறுபடி போடலாம்.

எந்த ரேமைப் போட்டாலும் பி பக்கம் உயிரே இல்லை என்றால் குறை ப்ராசஸர் பக்கம் இருக்கலாம். கூலர் திருகுகளை ஒரு மூலையில் மட்டும் அதிகம் இறுக்கியிருந்தால் இப்படி ஒரு சேனல் விட்டுப்போவதுண்டு. எல்லாத் திருகையும் தளர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகச் சமமாக இறுக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் ப்ராசஸரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் போதும். அதை நிமிர்த்தும் வேலையை அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் விடுங்கள்.