வெளியான ஆய்வுக் கட்டுரையில் பிழை இருப்பது தெரிந்தால் சொல்வதா, பேசாமல் இருப்பதா?

சொல்லுங்கள், இன்றைக்கே.

அட்டவணையில் இரண்டு நிரல்கள் இடம் மாறிவிட்டன, முடிவு மாறவில்லை, ஆனால் சொன்னால் கட்டுரையையே மீளப்பெற்று விடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். கொழும்பில் பல்கலைக்கழக நூலகமொன்றில் வேலை செய்கிறேன். பட்டமேற்படிப்புப் பிள்ளைகளும் இதே பயத்தோடுதான் வருவார்கள்.

முடிவு நிற்கிறதென்றால் அதற்குத் திருத்தக் குறிப்பு போதும். தனக்கென ஒரு டிஓஐ எண்ணோடு (இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் நிரந்தர எண்) அது வெளியாகும், மூலக் கட்டுரையோடும் இணைக்கப்படும். மீளப்பெறல் என்பது முடிவையே நம்ப முடியாத நிலைக்கு உரியது. அங்கும் மோசடி நடந்திருக்க வேண்டுமென்று இல்லை. நேர்மையான தவறுக்கும் மீளப்பெறுவார்கள்.

அதனால் பெயர் கெடுமா? 2018இல் இரசாயனவியலுக்கு நோபல் பரிசு பெற்ற பிரான்சஸ் ஆர்னல்ட், 2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த தன் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் மீளப்பெற்றார். பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது அதே பெறுபேறு வரவில்லை. தன் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று அவரே டுவிட்டரில் எழுதினார். அந்த நேர்மையைப் பலர் மெச்சினார்கள்.

தாமதம்தான் கெடுதல். பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வராமல் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியை ஓட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட பிரித்தானிய மருத்துவர் வேக்பீல்டின் கட்டுரை, வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது, 1998இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வந்தது. முழுதாக மீளப்பெற 2010 ஆகிவிட்டது. அந்தப் பயம் இன்னும் பெற்றோரை விட்டுப் போகவில்லை. அதே லான்செட், கொவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி 2020 மே 22இல் வெளியிட்ட கட்டுரையை ஜூன் 4இலேயே மீளப்பெற்றது. மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது, அந்தத் தரவைக் கொடுத்த நிறுவனம் காட்டவில்லை. மனமிருந்தால் இவ்வளவு வேகமாகவும் செய்யலாம்.

எனக்கு உண்மையில் மனவருத்தம் தருவது வேறொன்று. மீளப்பெற்ற பிறகும் கட்டுரை சாவதில்லை. வேக்பீல்டின் கட்டுரையை இன்று லான்செட் தளத்தில் திறந்தால் பக்கத்துக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் அறிவித்தல் கிடக்கும். ஆனால் நம் பிள்ளைகளிடம் இருப்பது, சீனியர்கள் எப்போதோ இறக்கி வட்ஸ்அப்பில் கைமாற்றிய பிடிஎப். அதில் ஒரு சிவப்பும் இருக்காது. அப்படியான கட்டுரை ஒன்றின் மேல் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே கட்டியிருந்த பிள்ளைக்கு, டிஓஐயைத் தட்டித் திரையைக் காட்டினேன். அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? அதனால் எல்லோரிடமும் சொல்கிறேன்: கையளிக்கும் முன் உசாத்துணைப் பட்டியலை, மீளப்பெற்ற கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் ரிட்ராக்ஷன் வொட்ச் தரவுத்தளத்தில் ஒருக்கால் பாருங்கள். இலவசம். உசாத்துணைகளைச் சேர்த்து வைக்கும் சொடேரோ மென்பொருளை வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் கட்டுரையின் டிஓஐ, பிழை இருக்கும் பக்கம், பிழையான அட்டவணை, சரியான அட்டவணை, முடிவு ஏன் மாறாது என்பதற்கு இரண்டு வரி, இவ்வளவும் இருக்கட்டும். உங்களோடு கட்டுரையை எழுதிய இணை ஆசிரியர்கள் அனைவரிடமும் முதலிலேயே பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். திருத்தக் குறிப்பு வந்த பிறகு, பழைய பிடிஎப்பை நீங்களே யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு அதையும் அனுப்பிவிடுங்கள்.