நாமினி படிவம்

வணக்கம் ஐயா,

எழுத வருவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் ஆள்சேர்ப்பும் பணியாளர் கோப்புகளும் பார்த்ததாக நீங்கள் சில இடங்களில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் துணிச்சலில்தான் இந்தக் கடிதம். நான்கு வருடம் தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தேன். உள்ளாட்சி மன்றம் ஒன்றில் மனிதவள ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முன்பு இரண்டு வாரத்தில் ஆள் எடுத்துவிடுவோம். இங்கே ஒரு காலியிடத்தை நிரப்ப நான்கு மாதம் என்கிறார்கள். பாதி நாள் பழைய கோப்புகளைச் சரிபார்ப்பதிலேயே போகிறது. ‘இது மனிதவளம் இல்லை, குமாஸ்தா வேலை’ என்று தோழி சிரிக்கிறாள். போன வாரம் மன்ற உறுப்பினர் ஒருவர் போன் செய்து, விண்ணப்பித்திருக்கும் ஒரு பையனைக் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். பதில் தெரியாமல் ‘சரிங்க’ என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா?

ம.

அன்புள்ள ம.,

தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் ‘சரிங்க’ என்றதால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. அந்த உறுப்பினருக்கு அந்தப் பையனின் வீட்டில் போய் ‘பேசிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். பாதிச் சிபாரிசுகள் அவ்வளவுதான். மீதிப் பாதி அப்படி இல்லை என்பதால் ஒரு காரியம் செய்யுங்கள். போன் வந்த தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதி உங்கள் மேலதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நீங்களே அவரைக் கூப்பிட்டு, கடைசித் தேதி இது, கேட்கும் சான்றிதழ்கள் இவை, எல்லா விண்ணப்பங்களும் ஒரே குழுவிடம் போகின்றன என்று சொல்லுங்கள். அறிவிப்பில் இருப்பதைத் தவிர ஒரு சொல் கூட வேண்டாம். அவருக்கும் அந்த வீட்டில் போய்ச் சொல்ல ஏதோ கிடைத்த மாதிரி ஆகும்.

தேர்வுக் குழுவிடம் மட்டும் இதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். சிபாரிசு என்றால் மதிப்பெண் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த எரிச்சலிலேயே இரண்டு மதிப்பெண் குறைத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். போன் போனது அந்தப் பையனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இது புதிய வியாதி இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலைகளைப் பங்கு போட்டுக் கொடுத்தது. தனக்கும் ஒரு பதவி வந்தே தீரும் என்று காத்திருந்து ஏமாந்த ஒருவன் 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டான். இரண்டரை மாதம் கிடந்து அவர் இறந்தார். தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்ற பெண்டில்டன் சட்டம் 1883இல் வந்தது. அதுவும் அங்கே மத்திய அரசின் ஒரு பகுதி வேலைகளுக்கு மட்டும்தான்.

அதற்கும் சுமார் ஆயிரம் வருடம் முன்னால், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்க் காரியங்களைப் பார்த்த குழுக்களான வாரியங்களுக்கு யாரைப் போடலாம், யாரைப் போடக் கூடாது என்று வரிவரியாகப் பேசுகிறது. வயது 35க்கு மேல், 70க்குள். கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. தகுதியானவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் போடுவார்கள், அதிலிருந்து ஓலையை எடுப்பது ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் கேட்ட முறை அது, ஆகவே ஊரில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கதவு திறக்கவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த உறவினர் விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அதை எழுதியவருக்கும் யாரோ ஒருவர் வந்து ‘நம்ம மச்சான்தான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான்கு மாதத் தாமதத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய நிறுவனத்தில் தோற்றுப் போன விண்ணப்பதாரரை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. இங்கே அவர் மறுநாளே தண்ணீர் வரி கட்ட அதே கட்டடத்துக்கு வருவார், ‘ஏன் எனக்குக் கிடைக்கவில்லை?’ என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகே பேச்சு, அறிவிப்புக்கு இத்தனை நாள், ஆட்சேபத்துக்கு இத்தனை நாள். அந்தப் பணியிடம் வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு சுற்று. இந்த நாட்களில் கை வைக்காதீர்கள்.

கோப்பு மேசையில் சும்மா கிடக்கும் நாட்கள் வேறு. நான் ஒருமுறை ஆள்சேர்ப்புக் கோப்பின் அட்டையில், எந்த மேசைக்கு என்று வந்தது, என்று போனது என இரண்டு தேதிகளைப் பென்சிலால் குறித்துவைத்தேன். கணக்குப் பிரிவைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஆசை. கடைசியில் கூட்டிப் பார்த்தால், அதிகமாகக் கிடந்தது என் மேசையில். பதினொரு நாள்.

தோழி சொன்னது சரிதான், இது குமாஸ்தா வேலைதான். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் சாக்கடைப் பிரிவுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். பணப்பலன்களுக்காக அவர் மனைவி வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இருக்கிற காகிதமெல்லாம். கோப்பை எடுத்தால், தான் இறந்தால் பணம் யாருக்கு என்று தொழிலாளி எழுதிக் கொடுக்கும் நாமினி படிவத்தில் அவருடைய அம்மா பெயர் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று, கல்யாணத்துக்கு முன், இருபத்து மூன்று வயதில் எழுதிக் கொடுத்தது. அந்த அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. யாரும் அவரிடம் மறுபடி கேட்கவில்லை. வாரிசு என்று நிரூபிக்க அந்தப் பெண் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகள். அந்தக் கோப்பில் அவருடைய மூன்று சம்பள உயர்வுகளைப் பதிந்தது நான். மூன்று முறையும் அந்தப் படிவத்தைத் தள்ளிவிட்டுத்தான் என் பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாப் படிவங்களையும் புதுப்பிக்க ஒரு சுற்றறிக்கை போட்டோம். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் கொடுத்தார்கள். துப்புரவுப் பணியாளர்களுக்கு நம் அலுவலக நேரம் ஒத்துவராது, பலருக்குச் சுற்றறிக்கை வாசிக்கவும் வராது. அதனால் ஒரு கட்டுப் படிவத்தையும் மை அட்டையையும் எடுத்துக்கொண்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டிகள் புறப்படும் கொட்டகைக்கே போய்விட்டேன். ‘என்ன சார், சாகறதுக்கு முன்னாடியே எழவு ஓலையா?’ என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் பழைய படிவத்தில் இருக்கும் பெயரை, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதபடி வாசித்துக் காட்டினேன். சிலர் ‘அதுவே இருக்கட்டும்’ என்றார்கள். அந்த ஒரு காலையில் பதினேழு பேர் மாற்றினார்கள்.

கடைசியாக வந்தவர் வேறொரு பெயரைச் சொன்னார். எழுதினேன். கைநாட்டு வைத்துவிட்டும் அவர் நகரவில்லை. குனிந்து கேட்டார்: ‘பழைய பேருக்கு இது தெரியவருமா?’

‘வராது’ என்றேன். விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார்.