கண்ணை மூடினால் அதுவே வருகிறது: கேள்வி பதில்

விபத்தையோ திடீர் மரணத்தையோ நேரில் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் மலேசியாவில், பினாங்கில் மனநல ஆலோசகர். அதற்கு முன் அவசரப் பிரிவில் தாதியாக இருந்தவள்.

கேள்வி: அக்கா, நான் பட்டர்வொர்த். தீவில் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் முடிந்து பினாங்குப் பாலத்தில் வரும்போது, முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் லாரியில் அடிபட்டு அங்கேயே இறந்துவிட்டார். அவருடைய ஹெல்மெட் உருண்டு வந்து என் டயரில் முட்டிய சத்தம் பத்து நாளாகக் காதிலேயே இருக்கிறது. சோறு இறங்கவில்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை தம்பி. பத்தாவது நாளில் இப்படித்தான் இருக்கும். உயிர் பதறும் நேரத்தில் மூளை நடந்ததைக் கோவையாகப் பதிவதில்லை. சத்தம், வாடை, வெளிச்சம் என்று துண்டு துண்டாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பக்கத்து வீட்டில் ஒரு வாளி உருண்டாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. முதல் சில வாரங்களில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எதிலும் மனம் ஒட்டாது. பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே தணியும். ‘இன்னும் இருக்கிறதே’ என்று பார்க்காதீர்கள், ‘போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறதா’ என்று பாருங்கள். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் வாட்டினால்தான் நாங்கள் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலக் கோளாறு) என்ற பேச்சையே எடுப்போம்.

சோறு இறங்காவிட்டால் கஞ்சி, மைலோ, எது இறங்குகிறதோ அது. காட்சி வந்தால் மல்லுக்கு நிற்காதீர்கள், விரட்ட விரட்டத்தான் அதிகம் வரும். பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்தி, கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: காற்றாடி, கதவு, நாற்காலி. “அது அன்றைக்கு நடந்தது, இப்போது நான் வீட்டில் இருக்கிறேன்” என்று வாய்விட்டே சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பாலத்தில் ஏறவே கை நடுங்கினால் சில நாள் ஃபெரியில் போங்கள், மோட்டார் சைக்கிளை ஏற்றுகிறார்கள். பாயான் லெப்பாஸுக்குச் சுற்றுதான். ஆனால் பாலத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள். விட்டால் பயம் அங்கேயே குடியிருக்கும். முதலில் நண்பருடைய காரில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை போய்வாருங்கள். பிறகு வண்டி நெரிசல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: செந்தூலில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது நண்பர் சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை நான்தான் நெஞ்சை அழுத்தினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் பிழைக்கவில்லை. நான் சரியாகச் செய்திருந்தால்?

இந்தக் கேள்வியை அவசரப் பிரிவின் நடைபாதையில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் செய்த அந்த முதலுதவியான சி.பி.ஆரில் நெஞ்சை ஐந்து சென்டிமீட்டராவது அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அந்த அழுத்தத்தில் விலா எலும்பு முறிவது சகஜம், மருத்துவமனையில் கைதேர்ந்தவர்கள் செய்யும்போதும் முறிகிறது. நீங்கள் மெத்தனமாகத் தொடவில்லை என்பதற்குத்தான் அந்தச் சத்தம் சாட்சி. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களில், உடனே சி.பி.ஆர். கிடைத்தாலும், பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. உங்கள் கையில் இருந்தது ஒரு வாய்ப்பு, அதை அவருக்குக் கொடுத்தீர்கள்.

‘அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால்’ என்று மனம் ராத்திரி முழுக்க வழக்காடும். அதைத் தலைக்குள்ளேயே ஓடவிடாமல், நடந்ததை நிமிடவாரியாக ஒரு தாளில் எழுதி, விவரம் தெரிந்த ஒரு டாக்டரிடமோ ஆம்புலன்ஸ் ஊழியரிடமோ காட்டுங்கள். நான் சமாதானம் சொல்வதைவிட அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வரும்.

கேள்வி: பாட்டி வீட்டில் விழுந்து இறந்ததை ஏழு வயது மகள் பார்த்துவிட்டாள். ‘பாட்டி தூங்குறாங்க’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது பொம்மையைத் தள்ளிவிட்டு ஆம்புலன்ஸ் விளையாட்டு விளையாடுகிறாள். பயமாக இருக்கிறது.

விளையாடட்டும், பிள்ளைகள் பேசுவது அப்படித்தான். திருத்த வேண்டியது நீங்கள் சொன்னதை. தூங்குகிறார் என்றால் நாளைக்கு அப்பா தூங்கும்போது அவள் எழுப்பிக்கொண்டே இருப்பாள். “பாட்டி இறந்துட்டாங்க, உடம்பு வேலை செய்யுறது நின்னுபோச்சு, திரும்ப வரமாட்டாங்க. உன்னால எதுவும் ஆகல” என்று நேராகச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். படுக்கையில் சிறுநீர் போனால் திட்டாதீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் அதே விளையாட்டு மாறாமல், அவள் முகத்தில் பயத்தோடு தொடர்ந்தால் அழைத்து வாருங்கள்.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்கிறார் மாமியார்.

கட்டிக்கொள்ளுங்கள். திருநீறு பூசி யாராவது தலையைத் தொட்டு ‘ஒன்றும் இல்லைம்மா’ என்றால் யாருக்குத்தான் தெம்பு வராது? கயிறு கட்டியாகிவிட்டதே என்று கிளினிக்கைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

கேள்வி: வேலையிடத்தில் ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். மறுநாளே எல்லோரையும் உட்காரவைத்து, பார்த்ததை விவரமாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

‘எனக்கு இப்போது பேச விருப்பமில்லை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் இப்படி ஒரே அமர்வில் எல்லோர் வாயையும் திறக்கவைப்பதால் பி.டி.எஸ்.டி. தடுக்கப்படுவதில்லை, சிலருக்கு இன்னும் மோசமாகிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகு உலகச் சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைப்பதில்லை. நிறுவனம் உதவ நினைத்தால் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோய் விடட்டும், விடுப்புக் கொடுக்கட்டும், யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு எண்ணைக் கொடுக்கட்டும். பேசத் தோன்றுகிறவர்கள் நம்பிக்கையானவரிடம் தாராளமாகப் பேசலாம்.

கேள்வி: இரண்டு பியர் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. தூக்க மாத்திரை மேலா?

இரண்டும் வேண்டாம். பியர் தூங்கவைத்து மூன்று மணிக்கு எழுப்பிவிடும். டயஸிபாம் வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்பது 2013இலேயே வந்த உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதல்.

கேள்வி: ஐந்து மாதமாகிறது. இன்னும் அந்தச் சாலைப் பக்கம் போவதில்லை, கனவு நிற்கவில்லை. எங்கே போவது, எவ்வளவு ஆகும்?

இனிக் காத்திருக்காதீர்கள். வீட்டருகே உள்ள அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). ‘தூக்கம் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள், பார்த்த சம்பவத்தையும் ஐந்து மாதக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். இதற்கென்றே இருக்கும் பேச்சு சிகிச்சையும், கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆரும் நன்றாக வேலை செய்கின்றன, மாதக்கணக்கில் ஆறாததும் இவற்றில் ஆறுகிறது.

அதற்குள் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555, மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. தமிழில் பேச யாராவது இருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் கிளினிக் திறக்கும்வரை பார்க்க வேண்டாம், வீட்டில் ஒருவரை எழுப்பி அப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.