குரூஸ் கப்பலில் எங்கே சாப்பிடுவது? கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 3, 4 இரவுப் பயணங்களைப் பற்றியவை. அதனால் ராயல் கரீபியனின் ஆந்தம், ஓவேஷன் போன்ற குவாண்டம் ரகக் கப்பல்களை வைத்தே பதில்கள். மற்ற கம்பெனிகளில் உணவகங்களின் பெயர் மாறும், நடைமுறை பெரிதாக மாறாது.

கே: முதல் தடவை போறோம் சார். டிக்கெட் காசுலயே எது எது அடங்கும்?

மேலே 14ஆம் தளத்தில் விண்ட்ஜாமர் பஃபே, கீழே 3, 4ஆம் தளங்களில் மெயின் டைனிங் ரூம், இவை தவிர சொரென்டோஸ் பீட்சா, கஃபே டூ70, சோலாரியம் பிஸ்ட்ரோ. இவற்றுக்குத் தனிக் காசு கிடையாது. சாப்ஸ் கிரில் (ஸ்டேக்), இசுமி (ஜப்பானிய உணவு), வொண்டர்லேண்ட் எல்லாம் காசு கட்டிப் போகும் ஸ்பெஷாலிட்டி உணவகங்கள்.

அறைக்கே வரவழைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரொட்டி, பழம், காபி அடங்கிய கான்டினென்டல் காலை உணவு மட்டும் இலவசம். மற்றபடி ஒவ்வொரு ஆர்டருக்கும் 7.95 டாலரும் அதன்மேல் 18% சேவைக் கட்டணமும் ஏறும். கணக்கு தட்டுக்கு அல்ல, ஆர்டருக்கு. எனவே வேண்டியதை எல்லாம் ஒரே ஆர்டரில் சொல்லிவிடுங்கள்.

கே: சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பஃபேதானே எங்களுக்குப் பாதுகாப்பு? கண்ணால பாத்து எடுத்துக்கலாமே.

கண்ணுக்குத் தெரியாததுதான் பிரச்சினையே. பிரெஞ்சு ஆனியன் சூப்பில் மிதப்பது வெங்காயம், அடியில் இருப்பது மாட்டெலும்புச் சாறு. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்தலி வகை மீன். தாய் கறியில் மீன் சாஸ், சீனக் கீரை வதக்கலில் சிப்பிச் சாஸ். பன்னா கோட்டா, சில மூஸ் போன்ற இனிப்புகளில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பார்மேசன் சீஸில் பாலைத் திரைய வைக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். உருளைக்கிழங்கு வறுவலும் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கலாம். போதாக்குறைக்கு, பக்கத்து ட்ரேயின் கரண்டியை இதில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் எப்போதும் உண்டு.

எனவே உங்களுக்கு ஏற்ற இடம் மெயின் டைனிங் ரூம். அங்கே உங்கள் தட்டு தனியாகத் தயாராகும். செய்ய வேண்டியது இது: முன்பதிவிலேயே சைவம் என்று குறிக்கச் சொல்லுங்கள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். முதல் இரவு உட்கார்ந்ததும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, "இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, பால், தயிர் பரவாயில்லை" என்று பொருள் பொருளாகச் சொல்லுங்கள். வெறுமனே "வெஜிடேரியன்" என்றால் முட்டை வந்துவிடும், "வீகன்" என்றால் தயிர் போய்விடும். பிறகு மறுநாள் மெனுவைக் கேட்டு வாங்கி, அந்த இரவே தேர்வு செய்து சொல்லிவிடுங்கள். சாஸும் சூப்பும் மதியமே பெரிய பாத்திரத்தில் தயாராகிவிடுவதால், சாப்பிட உட்கார்ந்த பிறகு "இதில் சிக்கன் சாறு வேண்டாம்" என்றால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது. முந்தின நாளே சொன்னால் தனியாக எடுத்து வைப்பார்கள். மெனுவில் தினமும் ஒரு இந்திய சைவ உணவு இருப்பதும் வழக்கம். கண்ணில் படாவிட்டால் கேளுங்கள்.

வெள்ளைச் சோறும் இனிப்பில்லாத தயிரும் கேட்டால் கொண்டுவருவார்கள். கம்பெனி பாக்கெட்டில் சீல் பிரிக்காத ஊறுகாய் கொண்டுபோகலாம். வீட்டில் கட்டிய புளியோதரை கூடாது. ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில் இரண்டும் தீ அபாயம் என்பதால் ஏறும்போதே பிடுங்கி வைப்பார்கள்.

கே: நிலக்கடலை ஒவ்வாமை இருக்கு. இதே மாதிரி சொன்னா போதுமா?

போதாது. "வேண்டாம்" என்பது வேறு, "அலர்ஜி" என்பது வேறு. அலர்ஜி என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். பஃபேயைத் தவிருங்கள். அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்கள் அதை அறையில் விட்டுவிட்டு வரவே கூடாது.

கே: சாப்ஸ் கிரில் மாதிரி இடத்துக்குக் காசு கொடுத்துப் போறது வொர்த்தா அண்ணே?

மாட்டிறைச்சி ஸ்டேக் விரும்புகிறவருக்கு வொர்த். சைவக்காரருக்குச் சாப்ஸில் மிஞ்சுவது சாலட், மசித்த உருளைக்கிழங்கு, கீரைக் கூட்டு மாதிரி ஒன்று. அதற்கு முழு விலை கொடுப்பது அநியாயம்.

கணக்கைச் சரியாகப் போடுங்கள். 65 டாலர் என்று போட்டிருந்தால் 18% சேவைக் கட்டணம் சேர்ந்து 76.70. இருவருக்கு 153.40, பானம் தனி. கப்பல் ஏறும் முன் இணையத்தில் அடிக்கடி தள்ளுபடி வரும். அதே உணவகத்தில் மதிய உணவு இரவைவிட மலிவு, கடலிலேயே இருக்கும் நாளில் பெரும்பாலும் திறப்பார்கள். 3, 4 இரவுப் பயணத்துக்கு அன்லிமிடெட் டைனிங் பேக்கேஜ் (ஒரே விலையில் ஸ்பெஷாலிட்டி உணவகங்களில் எத்தனை தடவையும் சாப்பிடலாம்) வாங்குவது எனக்கு ஒப்பாது. போட்ட காசை எடுக்கவே தினம் இரண்டு மணி நேரம் மேசையில் கழியும்.

இசுமியில் ஒவ்வொரு உருப்படிக்கும் தனி விலை. பசியோடு உட்கார்ந்தால் பில் எகிறும்.

கே: இரவு உணவுக்கு முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, இல்ல மை டைமா?

முதல் பந்தி சுமார் 5:30, இரண்டாவது சுமார் 8 மணி. இந்த இரண்டிலும் தினமும் அதே மேசை, அதே வெயிட்டர். தனி உணவுத் தேவை உள்ளவர்கள் இதில் ஒன்றையே எடுங்கள், ஒரே ஆளுக்கு ஒரு முறை சொன்னால் போதும். மை டைம் டைனிங்கில் நேரம் உங்கள் விருப்பம், ஆனால் வெயிட்டர் மாறலாம், வாசலில் வரிசையும் இருக்கும். சின்னக் குழந்தை இருந்தால் முதல் பந்திதான். குழந்தையின் சாப்பாட்டைப் பெரியவர்களின் முதல் கோர்ஸோடு கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் காத்திருந்து மேசையிலேயே தூங்கிவிடும்.

நேரத்தில் ஒரு பொறி உண்டு. தாய்லாந்தின் புக்கெட் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் இருந்தாலும் உங்கள் போன் தானாக மாற்றிக்கொள்ளும். போன் 5:30 காட்டும்போது கப்பலில் 6:30. முதல் பந்தி பாதி முடிந்திருக்கும். கரையிறங்கும் முன் கப்பல் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமதமானால் சாப்பாட்டோடு கப்பலையும் தவறவிடலாம்.

கே: ஏறுற அன்னைக்கு பஃபேல இடமே கிடைக்காதாமே?

ஆமாம். பெட்டி அறைக்கு வராததால் எல்லோரும் கைப்பையோடு நேரே விண்ட்ஜாமருக்கு ஏறிவிடுகிறார்கள். 12 முதல் 1:30 வரை திருவிழாக் கூட்டம். கஃபே டூ70க்கோ சோலாரியம் பிஸ்ட்ரோவுக்கோ போங்கள். பஃபேதான் வேண்டும் என்றால் வாசலருகே நிற்காமல் உள்ளே பின்கோடி வரை நடந்து பாருங்கள், மேசை அங்கேதான் இருக்கும்.

கே: பஃபேல வயிறு கெட்டுப்போகும்னு பயமுறுத்துறாங்க.

கப்பலில் பரவுவதில் பேர்போனது நோரோ வைரஸ். வாசலில் கையில் அடிக்கும் சானிடைசர் ஆல்கஹாலுக்கு அது சரியாக அசையாது. சோப்பு போட்டு 20 விநாடி கழுவுவதுதான் வழி. கழுவிய கையோடு எல்லோரும் தொட்ட கரண்டியைப் பிடித்துவிட்டு, அதே கையால் ரொட்டியைப் பிய்த்தால் கழுவியது வீண். முதலில் பரிமாறி மேசையில் வைத்துவிட்டு, பிறகு கழுவிவிட்டு உட்காருங்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசி சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 85, அதற்குக் கீழே என்றால் தோல்வி. மதிப்பெண்கள் அவர்கள் இணையதளத்தில் உண்டு.

கே: தலை சுத்தல் உள்ளவங்க எங்க உட்காரலாம்?

கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி. மெயின் டைனிங் ரூம் கீழே இருப்பதால் ஆட்டம் குறைவு. ஆனால் பின்கோடி மேசைகளில் உந்துவிசிறியின் அதிர்வு தெரியும், தண்ணீர் தம்ளரில் சிற்றலை ஓடுவதே அடையாளம். முன்பக்கம் நகர்த்தித் தரச் சொல்லுங்கள். 14ஆம் தளத்தில் ஜன்னலோர மேசை அழகுதான், அலை உள்ள நாளில் வேண்டாம்.

கே: ஹலால்?

அதுவே முதல் தேவை என்றால் கப்பலையே மாற்றிப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து போகும் ஜென்டிங் ட்ரீமில் ஹலால் சான்று பெற்ற சாப்பாடும், இந்திய சைவ, ஜெயின் உணவும் கிடைக்கும். முன்பதிவின்போது எந்தெந்த உணவகத்துக்குச் சான்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், மொத்தக் கப்பலுக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.