அந்தியில் கூப்பிடும் பக்கி

கேள்வி: எங்கள் ஊருக்கு வெளியே உள்ள உடைமுள் காட்டில், பொழுது சாய்ந்ததும் ‘சக், சக், சக், சக்ர்ர்ர்’ என்று ஒரு பறவை கூப்பிடுகிறது. டார்ச் விளக்குடன் புதர் புதராகத் தேடியும் கண்ணில் படவில்லை. அது என்ன பறவை? எப்படிப் பார்ப்பது?
— வாசகர், சாத்தூர் வட்டம்

பதில்: தாங்கள் குறிப்பிடும் ஒலி, கோலிக்குண்டைக் கல்தரையில் விட்டால் துள்ளல் குறுகிக் குறுகி அடங்குவதைப் போல முடிகிறது என்றால், அது நம் தரிசுகளிலும் முட்காடுகளிலும் பரவலாக வாழும் இந்தியப் பக்கியே. பகல் முழுவதும் உதிர்ந்த இலைகளுக்கிடையே வெறுந்தரையில் அசையாமல் படுத்திருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த இறகுகள் மண்ணோடு மண்ணாகத் தோன்றுவதால், மிதிபடும் தொலைவுக்கு நாம் நெருங்கிய பிறகே எழுந்து பறக்கும்.

புதருக்குள் தேடியதால்தான் தங்களுக்கு அது அகப்படவில்லை. இருட்டத் தொடங்கியதும் பக்கி திறந்தவெளிக்கு வந்துவிடும். வண்டிப் பாதையிலும், பகல் வெயிலின் சூடு தணியாத தார்ச்சாலையிலும் அமர்ந்திருந்து, விட்டில்களையும் வண்டுகளையும் கண்டதும் எழும்பி, அகன்ற வாயால் கவ்விக்கொண்டு மீண்டும் தரையிறங்கும். ஆகவே கதிரவன் மறைவதற்குச் சற்று முன்பே சென்று, பாதை தெரியும்படி ஓரிடத்தில் பேசாமல் நில்லுங்கள். முதலில் காதுக்கு வேலை கொடுங்கள். கூப்பிடும் திசை உறுதியான பின்னர், விளக்கைக் கண்ணின் உயரத்தில் பிடித்துப் பாதையை ஒருமுறை மெல்லத் துழாவினால் போதும். அதன் விழிக்குள் இருக்கும் எதிரொளிக்கும் படலம் செந்தணலாக மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும். கண்டதும் ஒளியை விலக்கிவிடுங்கள். பறவையை அருகே வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடு கட்டாமல் தரையிலேயே முட்டையிடும் பறவையை, இனப்பெருக்கக் காலத்தில், அக்குரலைப் போட்டிப் பறவையுடையது என்று நம்பவைத்து, இல்லாத எதிரியைத் தேடி அலைய வைப்பதில் என்ன இருக்கிறது?

நிலவுள்ள இரவுகளில் அது கூடுதலாகக் கூப்பிடும் என்பதால், வளர்பிறை நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அதே காட்டில் கூர்மையான சீழ்க்கை ஒலி ஏறிக்கொண்டே போவதைக் கேட்டால் அது கண்கிலேடி என்னும் வேறொரு இரவுப் பறவையாக இருக்கலாம். சுருட்டை விரியன் நடமாடும் நேரமும் அதுவே. மூடிய காலணி இல்லாமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, ஆந்திரத்தில் மீண்டும் கிடைத்த இரவுப் பறவை எது?
— வாசகி, வேலூர்

பதில்: ஜெர்டான் கோர்சர். சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டானின் பெயரைத் தாங்கியது. 1900-க்குப் பிறகு எவரும் காணாதிருந்த அப்பறவையை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண், உள்ளூர்ப் பறவை பிடிப்போரின் துணையுடன் 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்து முட்காட்டில் மீண்டும் கண்டறிந்தார். அதனைக் காப்பதற்கென்றே ஸ்ரீ லங்கமல்லேஸ்வர சரணாலயம் உருவாயிற்று. அந்தி கழிந்த பின் சிறிது நேரமே குரல் கொடுக்கும் என்பதால், பின்னர் ஆய்வாளர்கள் பாதையோரம் மென்மண்ணைப் பரப்பி, அதில் பதிந்த கால்தடங்களைக் கொண்டும் அதன் இருப்பை அறிந்தனர். தாங்கள் அங்கு செல்ல எண்ணினால், வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.