கண்டி–எல்ல–வெல்லவாய: இருவருக்கு ஸ்கூட்டர் போதுமா?

டிசம்பரில் இலங்கையில் மனைவியோடு 110 சிசி வாடகை ஸ்கூட்டரில் கண்டியிலிருந்து நுவரெலியா, எல்ல வழியாக வெல்லவாய வரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றத்தை மெதுவாக ஏறிவிடும். இறக்கம்தான் ஆபத்து.

எல்லயில் சுமார் 1,000 மீட்டர் உயரம், வெல்லவாயவில் ஏறத்தாழ 200. முப்பது கிலோமீட்டருக்குள் அவ்வளவும் இறங்க வேண்டும். ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு வேகம் குறைந்ததும், எஞ்சினைச் சக்கரத்தோடு இணைக்கும் கிளட்ச் விலகிவிடும். எஞ்சின் பிடிக்காது, முழு எடையும் பிரேக்கில் விழும். சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக் டிரம் சூடேறினால், உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூ வழுக்கும், லீவர் கைப்பிடிவரை வந்தாலும் வண்டி நிற்காது. அதற்கு முன்பே கருகிய வாடை வரும். வந்த உடனே ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

என் பரிந்துரை 125 அல்லது 150 சிசி கியர் பைக். இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுங்கள், தொடர்ந்து பிடித்திருக்க வேண்டாம். வண்டி எடுக்கும்போதே டயர் தடம், பின் பிரேக் தளர்வு, டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக் திரவத்தின் நிறம் (கறுத்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள்) பார்த்துவிடுங்கள்.

டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை எல்ல பக்கம் பிற்பகலில் கொட்டும், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர், இரவுக்குக் கம்பளிச் சட்டை அவசியம். இந்திய உரிமம் மட்டும் அங்கே செல்லாது. இலங்கையில் ஏற்கப்படும் தற்காலிக அனுமதி கையில் இல்லாமல் சாவி வாங்காதீர்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.