பழைய படமும் ஞானஸ்நானப் பதிவேடும் கொண்டு முன்னோரைக் கண்டறிவது எப்படி?

தாத்தாவின் திருமணப் படமும், அவர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபைப் பகுதியின்) பெயரும் மட்டுமே இருக்கும் நிலையில் அவருடைய பெற்றோரை எப்படிக் கண்டறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். அட்டையில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருந்தால், திருமணம் எந்த ஊர்ப் பக்கம் நடந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு துப்பு.

அடுத்து, பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்று ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பிள்ளையின் பெயருடன் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களும் அதில் இருக்கும். பழைய பக்கங்கள் லத்தீனில் எழுதப்பட்டிருந்தால் பெயர்களே உருமாறியிருக்கும்: வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே ‘பேத்ருஸ்’ ஆகவும், அருளப்பன் ‘யோவான்னெஸ்’ ஆகவும், சூசை ‘யோசேபுஸ்’ ஆகவும் நிற்பார்கள். (தேடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இங்கேதான்.)

பக்க ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். 1908இல் நடைமுறைக்கு வந்த ‘நே தெமேரே’ என்ற கத்தோலிக்கத் திருச்சபையின் திருமண ஆணை, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவில் குறிக்க வேண்டும் என்று விதித்தது. அந்த ஓரக்குறிப்பு கிடைத்தால், திருமணம் நடந்த பங்கின் பதிவேட்டுக்கு நேரே போகலாம்; படத்திலுள்ள ஸ்டூடியோவின் ஊரோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.